என்சைமை நிறுத்தணுமா, ஏத்தணுமா? சிரியம் வாசகருக்கு ஒரு நுரையீரல் டாக்டரோட பதில்

பர்மாவுல இருக்குற சிரியத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, கடிதம் நீளமா இருக்கு, அதனால முக்கியமான பகுதியை மட்டும் இங்க போடுறேன்:

"டாக்டர் அண்ணே, அப்பாவுக்கு 63 வயசு, ரைஸ் மில்லுல வேலை பாத்தவங்க. 2016ல டிபி வந்து ஆறு மாசம் மருந்து முழுசா சாப்பிட்டு சரியாயிட்டாங்க. ஆனா இப்ப மூணு வருஷமா காலையில எந்திரிச்சா இருமல், கப்பு நிறைய சளி. சிடி ஸ்கேன் பாத்துட்டு பிராங்கியெக்டாசிஸ், அதாவது மூச்சுக்குழாய் விரிஞ்சு போற நோய்னு சொன்னாங்க. இந்த வருஷம் மட்டும் மூணு தடவை காய்ச்சலோட பச்சை சளி, மூணு தடவையும் ஆன்ட்டிபயாட்டிக், அதுல ரெண்டு தடவை நாங்களே கடையில லீவோஃப்ளாக்சசின் வாங்கிக் குடுத்தோம். சென்னையில இருக்குற மச்சான், அமெரிக்காவுல புது மாத்திரை வந்திருக்கு, கேதெப்சின் சி-ங்கிற என்சைமை நிறுத்துது, இந்த நோய்க்குன்னே வந்ததுன்னு மெசேஜ் அனுப்புறான். இங்க மருந்துக்கடைக்காரரோ, என்சைம்தான் எதிர்ப்பு சக்தி, இதைச் சாப்பிட்டா சளி கரையும்னு என்சைம் மாத்திரை ஒரு அட்டை குடுத்திருக்காரு. ஒருத்தர் என்சைமை நிறுத்துங்கறாரு, ஒருத்தர் ஏத்துங்கறாரு. நிறுத்தினா எதிர்ப்பு சக்தி போயி டிபி திரும்ப வந்துடாதா? வீட்டுல ரெண்டு வயசுல பாப்பா இருக்கு, அதை நினைச்சாலும் பயமா இருக்கு."

தம்பி, நீங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. பதிலை முதல்லயே சொல்லிடுறேன், காரணத்தை அப்புறம் விரிவா சொல்றேன். கடைக்காரர் குடுத்த அட்டையை நிறுத்திடுங்க, அதால அப்பாவுக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. மச்சான் சொல்றது நிஜமான மருந்து, அந்த பையன் சரியாத்தான் படிச்சிருக்கான், ஆனா அப்பாவுக்கு இப்ப முதல் வேலை அது இல்ல, சளி டெஸ்ட்தான் முதல் வேலை. அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் கடையில போயி லீவோஃப்ளாக்சசின், சிப்ரோ எதையும் தயவுசெஞ்சு வாங்கிக் குடுக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன், அது ரொம்ப முக்கியம்.

என்சைம்னா நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் கிடைக்காது, எந்த என்சைம், எங்க இருக்கு, அதை யாரு கட்டுப்படுத்துறான்னு கேட்டாத்தான் கிடைக்கும். நம்ம உடம்புல ரத்தத்துல இருக்குற சிவப்பணுவைத் தவிர கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளயும் லைசோசோம்னு சின்னச் சின்ன பைகள் இருக்கு. பெல்ஜியத்துல கிறிஸ்டியன் டி டூவ்னு ஒருத்தர் 1955ல உலகத்துக்குச் சொன்னது, அதுக்கு 1974ல நோபல் பரிசும் வாங்கினாரு. அந்தப் பைக்குள்ள அமிலம் இருக்கும், செல்லோட மத்த இடத்துல பிஹெச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 7.2 மாதிரி இருந்தா பைக்குள்ள 4.5ல இருந்து 5க்குள்ள இருக்கும். அந்த அமிலத்துல புரோட்டீனை வெட்டிப் போடுற என்சைம் கூட்டமே இருக்கு, அதுல பெரிய கூட்டம்தான் கேதெப்சின். ஏ, பி, சி, டி-ன்னு எழுத்தை வெச்சே பேரு, அதுல சிஸ்டீன் வகைன்னு சொல்றது மட்டும் மனுஷனுக்கு 11 இருக்கு. ஆட்டுக்கறி முத்தலா இருந்தா வீட்டுல பச்சைப் பப்பாளிக்காய் ரெண்டு துண்டு போடுவாங்கல்ல, அந்தக் காய்ல இருக்குற பப்பெயின் இந்த சிஸ்டீன் கேதெப்சினுக்கு சொந்தக்காரன்தான், ரெண்டும் ஒரே குடும்பம்.

நாம தினம் சாப்பிடுற ஙாப்பியிலயும் (உப்புல ஊற வெச்ச பர்மா மீன் விழுது) இது இருக்கு. மீனை உப்புல போட்டு வெச்சா அது கரைஞ்சு குழைஞ்சு போகுதே, அதுல மீனோட குடல் என்சைமும் சதைக்குள்ள இருக்குற கேதெப்சினும் சேர்ந்துதான் வேலை பாக்குது. உயிரோட நீந்திட்டு இருந்தப்போ அதே என்சைம் அதே மீனுக்குள்ளதான் இருந்துச்சு, அப்ப ஏன் கரையல? ஏன்னா அப்ப அது பைக்குள்ள பூட்டி இருந்துச்சு, பையை விட்டு தப்பி வெளிய வந்தாலும் அமிலம் இல்லாத இடத்துல பெரும்பாலான கேதெப்சின் கொஞ்ச நேரத்துல செத்துப் போயிடும் (கேதெப்சின் எஸ் மட்டும் விதிவிலக்கு, அது அமிலம் இல்லாட்டியும் தாக்குப் பிடிக்கும்), அதையும் மீறினா தடுக்குறதுக்குன்னே உடம்பு தனியா புரோட்டீன் செஞ்சு வெச்சிருக்கு. சிலருக்கு கிட்னி டெஸ்ட்டுல சிஸ்டாட்டின் சி-ன்னு ஒண்ணு எழுதிக் குடுப்பாங்க பாத்திருக்கீங்களா, அது நிஜத்துல கேதெப்சினுக்குப் போடுற பிரேக், கிட்னி அதை வடிகட்டி எடுக்குறதால கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கவும் உதவுது.

இப்ப டிபிக்கு வருவோம், உங்க பயம் அங்கதானே. டிபி கிருமி மூச்சுல உள்ள போனதும் நுரையீரல்ல காவலுக்கு இருக்குற மேக்ரோஃபேஜ்ங்கிற செல் அதை முழுங்கிடும். முழுங்கின கிருமி ஒரு பைக்குள்ள இருக்கும், அந்தப் பை லைசோசோமோட ஒட்டிச் சேரணும், சேர்ந்தா அமிலம் ஏறும், கேதெப்சின் டி, பி, எல், எஸ் எல்லாம் உள்ள வந்து கிருமியை வெட்டும். சாதாரண கிருமிக்கு அதோட கதை முடிஞ்சுது. டிபி கிருமி அப்படி மாட்டாது, அந்த ரெண்டு பையும் சேரவே விடாது. லண்டன்ல டார்சி ஹார்ட்டும் ஆம்ஸ்ட்ராங்கும் 1971லயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல இதைப் பாத்து எழுதிட்டாங்க. அமிலத்தை உள்ள தள்ளுற பம்ப் அந்தப் பையில வந்து உக்காரவே விடாம தடுத்து, பிஹெச் 6.2, 6.4லயே நிறுத்தி வெச்சுக்கும், அந்த அளவுல கேதெப்சின்களுக்கு சரியா வேலை ஓடாது. அதாவது தன்னைக் கொல்றதுக்குன்னு வெச்ச அறைக்குள்ளயே அது குடித்தனம் பண்ணும், வருஷக்கணக்கா.

அதோட நிக்கல. கேதெப்சினுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, எனக்குக் கேட்டா கொல்றதை விட இதுதான் பெரிய வேலை. வெட்டின கிருமித் துண்டை மேக்ரோஃபேஜும் அதோட கூட்டாளி செல்களும் தன்னோட மேல்தோல்ல ஒரு தட்டுல வெச்சு டி செல்லுக்கு (எதிர்ப்பு சக்தியில இன்னொரு வகை வெள்ளணு) காட்டணும். அந்தத் தட்டு வேற எதையும் தொட்டுடாம இருக்க செல்லு அதுல ஒரு மூடியைப் போட்டு வெச்சிருக்கும், அந்த மூடியைக் கடைசியா வெட்டி எடுக்குறது கேதெப்சின் எஸ். மூடி போனாத்தான் கிருமித் துண்டு உக்கார இடம் கிடைக்கும், அதைப் பாத்தாத்தான் சிடி4-ங்கிற வகை டி செல் முழிச்சுக்கிட்டு இன்டர்ஃபெரான் காமா-ங்கிற சிக்னலை விடும், அந்த சிக்னல் வந்தாத்தான் மேக்ரோஃபேஜுக்கு வேகம் வந்து டிபி கிருமி போட்ட தடையை உடைச்சு அமிலத்தை ஏத்தும். எச்ஐவி இருக்கவங்களுக்கு டிபி ஏன் அவ்வளவு சீக்கிரம் பரவுதுன்னு இப்ப புரியும், அந்த சிடி4 செல்லுதானே அங்க குறைஞ்சு போகுது.

அப்பா 2016ல சாப்பிட்ட ஆறு மாச மருந்துல முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து இருந்திருக்கும், அதுல பைராசினமைடுன்னு ஒண்ணு, அந்த மருந்து அமிலம் இருக்குற இடத்துலதான் நல்லா வேலை செய்யும். வீங்கிப் போன இடம், மேக்ரோஃபேஜ் கொஞ்சமாவது அமிலத்தை ஏத்தின இடம், அங்க ஒளிஞ்சுக்கிட்டு மத்த மருந்துக்கு மாட்டாம இருக்குற கிருமியை அது பிடிக்கும். டிபி சிகிச்சை ஒன்பது மாசத்துல இருந்து ஆறு மாசமா குறைஞ்சதுல அந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா அதை விடாம முழுசா சாப்பிட்டது சாதாரண விஷயம் இல்ல தம்பி, உலகத்துல டிபி அதிகமா இருக்குற 30 நாடுகள் லிஸ்ட்டுல பர்மாவும் இருக்கு, பாதியில விட்டுட்டு திரும்ப வர்றவங்களை நான் நிறையப் பாக்குறேன்.

சரி, டிபி போயிடுச்சு, அப்புறம் ஏன் இந்த சளி? டிபி விட்டுட்டுப் போன காயம் அது. மூச்சுக்குழாய் சுவர் அரிச்சுப் போயி விரிஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சு, சளி மேல ஏறி வர்ற வழி கெட்டுப் போச்சு, தேங்கின சளியில கிருமி குடியேறும், கிருமியைப் பிடிக்க நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு கூட்டம் கூட்டமா வரும்.

நாளைக்குக் காலையில ஒரு வேலை செய்யுங்க. அப்பா துப்புற சளியை கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு மூடி வெச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. பிராங்கியெக்டாசிஸ் சளி நிறைய இருந்தா தானாவே அடுக்கா பிரியும், மேல நுரை, நடுவுல வழவழன்னு கலங்கின தண்ணி மாதிரி, அடியில கெட்டியா மஞ்சளோ பச்சையோ ஒரு படிவு. அந்த அடிப் படிவுதான் செத்த நியூட்ரோஃபில். பச்சை நிறம் கிருமியோட நிறம்னு எல்லாரும் நினைக்கிறோம், பெரும்பாலும் அது நியூட்ரோஃபிலுக்குள்ள இருக்குற மயலோபெராக்சிடேஸ்ங்கிற என்சைமோட நிறம், அந்த என்சைமே பச்சைதான். அதனால சளி எவ்வளவு பச்சையோ அவ்வளவு நியூட்ரோஃபில் அங்க வந்து செத்திருக்குன்னு அர்த்தம். டம்ளரை சுடுதண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி தனியா வெச்சிடுங்க, பாப்பா கை எட்டாத இடத்துல.

நம்ம எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமாரா 10,000 கோடி நியூட்ரோஃபில் செஞ்சு அனுப்புது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் லைசோசோம் மாதிரியான துகள்கள், அதுக்குள்ள எலாஸ்டேஸ், புரோட்டினேஸ் 3, கேதெப்சின் ஜி-ன்னு மூணு பயங்கரமான வெட்டுற என்சைம். இந்த மூணும் செய்யும்போதே கூர்மையா இருந்தா செஞ்ச செல்லையே அரிச்சிடும், அதனால நுனியில ரெண்டு அமினோ அமிலத்தை மாட்டி மொக்கையாத்தான் செய்யும். அந்த நுனியை வெட்டி எடுத்து அதுகளை வேலைக்குத் தயார் பண்றது யாருன்னா கேதெப்சின் சி, உங்க மச்சான் சொன்ன அதே ஆளு. இது நடக்குறது நுரையீரல்ல இல்ல, எலும்பு மஜ்ஜையில, நியூட்ரோஃபில் வளர்ந்துட்டு இருக்கும்போதே.

தயாரான நியூட்ரோஃபில் நுரையீரலுக்கு வந்து செத்து உடைஞ்சா அந்த மூணு என்சைமும் வெளிய கொட்டும். கேதெப்சின் பெரும்பாலானதுக்கு அமிலம் வேணும்னு சொன்னேன்ல, இந்த மூணுக்கும் அது வேணாம், வெளியவே ஜோரா வேலை செய்யும், அங்கதான் ஆபத்து. உடம்பு இதுக்கும் பிரேக் வெச்சிருக்கு, ஈரல் செய்யுற ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின், அது பிறவியிலேயே குறைவா இருக்கவங்களுக்கு நுரையீரல் சீக்கிரம் கெட்டுப் போகுதுன்னு ஸ்வீடன்ல 1963ல கண்டுபிடிச்சாங்க. அப்பாவுக்கு பிரேக் சரியா இருந்தாலும், கப்பு கப்பா நியூட்ரோஃபில் வந்து சாகுற இடத்துல எந்த பிரேக்கும் போதாது. எலாஸ்டேஸ் மூச்சுக்குழாய் சுவர்ல இருக்குற எலாஸ்டினை அறுக்கும், சளியை மேல தள்ளுற மயிரிழைகளோட ஆட்டத்தை நிறுத்தும், சளி சுரப்பியை இன்னும் சுரக்க வைக்கும், இதெல்லாத்தையும் விட மோசம் என்னன்னா கிருமி மேல ஒட்டி அதை அடையாளம் காட்டுற ஆன்ட்டிபாடியையும், கிருமியைப் பிடிக்க நியூட்ரோஃபில் மேல இருக்குற பிடிமானங்களையும் வெட்டிப் போட்டுடும். கிருமி தப்பிக்கும், இன்னும் நியூட்ரோஃபில் வரும், இன்னும் எலாஸ்டேஸ் கொட்டும். லண்டன்ல பீட்டர் கோல்னு ஒரு டாக்டர் 1986ல இதை ஒரு சுழல்னு எழுதினாரு, இன்னிக்கு வரைக்கும் பிராங்கியெக்டாசிஸ் சிகிச்சை பூரா அந்தச் சுழலை எங்கயாவது ஒரு இடத்துல அறுக்குற முயற்சிதான்.

அதனால உங்க கேள்விக்கு நேரான பதில் இது: அப்பாவோட நுரையீரல்ல என்சைம் குறைஞ்சதால எதிர்ப்பு சக்தி போகல, தப்பான இடத்துல என்சைம் அதிகமா கொட்டினதாலதான் அங்க எதிர்ப்பு சக்தி அடி வாங்கியிருக்கு.

மச்சான் சொன்ன மாத்திரை பேரு பிரென்சோகேடிப். கேதெப்சின் சி-யைத் தடுக்கும், அதனால புதுசா வர்ற நியூட்ரோஃபில் கையில அந்த மூணு என்சைமும் குறைவாத்தான் இருக்கும். ஏற்கனவே தயாராகி வெளிய வந்த நியூட்ரோஃபிலை ஒண்ணும் பண்ணாது, அதனால காய்ச்சலும் பச்சை சளியுமா படுத்திருக்கும்போது போட்டா உடனே கேக்குற மருந்து இல்ல இது, தினமும் ஒண்ணுன்னு மாசக்கணக்குல சாப்பிடுறது. 35 நாடுகள்ல 1,700 பேருக்கு மேல ஒரு வருஷம் குடுத்துப் பாத்தாங்க, ரிசல்ட் 2025 ஏப்ரல்ல வெளிவந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு, 12 வயசுக்கு மேல இருக்கவங்களுக்கு. வெறும் மாத்திரை (மருந்து இல்லாதது) சாப்பிட்டவங்களுக்கு வருஷத்துக்கு சராசரி 1.29 தடவை நோய் முத்தினா, 10 மில்லிகிராம் சாப்பிட்டவங்களுக்கு 1.02 தடவை. அதாவது நூறு பேரை எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 129 தடவைக்குப் பதிலா 102 தடவை. 25 மில்லிகிராம் சாப்பிட்டவங்களுக்கு மூச்சு அளவு குறையுறதும் கொஞ்சம் மெதுவாச்சு. நல்ல மருந்து, இந்த நோய்க்குன்னே வந்த முதல் மருந்து, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஆனா விரிஞ்ச குழாயை இது சுருக்காது, சளியை நிறுத்திடாது. விலை அமெரிக்காவுல வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல. அதே பேரைப் போட்டு சல்லிசா யாராவது பையில கொண்டு வந்து குடுத்தா வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு நம்பி அப்பா வாயில போட முடியாது.

இதைச் சாப்பிட்டா டிபி திரும்புமான்னு கேட்டீங்க. டிபி கிருமியை மேக்ரோஃபேஜுக்குள்ள அடக்குறதுல முன்னால நிக்கிறது மேல சொன்ன டி, எஸ், எல், பி, இந்த மாத்திரை குறி வைக்கிறது சி-யை. பிறவியிலேயே கேதெப்சின் சி இல்லாம பிறக்குறவங்க உலகத்துல கொஞ்சம் பேரு இருக்காங்க, பாபியோன்-லெஃபெவ்ர்னு அந்த நோய்க்குப் பேரு, எந்த ஜீன்னு 1999ல கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு உள்ளங்கை உள்ளங்கால் தோல் தடிச்சுப் போகும், சின்ன வயசுலயே ஈறு அழுகி பல்லு விழுந்துடும், சிலருக்கு ஈரல்ல சீழ் கட்டும், ஆனா பெரும்பாலானவங்க எல்லாக் கிருமிக்கும் பலியாகுறதில்ல, உயிரோட நடமாடிட்டுத்தான் இருக்காங்க. அதைப் பாத்துத்தான் இந்த என்சைமைக் கொஞ்சம் குறைக்கலாம்னு துணிஞ்சாங்க. மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் சிலருக்குத் தோல் தடிக்குது, அதனால தோலையும் ஈறையும் பாத்துக்கணும், ஆனா தீவிரமான தொற்று கூடினதா அந்த ஆய்வுல தெரியல. ஆனாலும் டி செல்லோட ஆயுதங்கள் சிலதையும் கேதெப்சின் சி-தான் தயார் பண்ணுது, அதனால உங்க பயம் அர்த்தமில்லாதது இல்ல. டிபி அதிகமா இருக்குற ஊர்ல, டிபி வந்து போன ஆளுக்கு, உள்ள டிபி இல்லைன்னு கல்ச்சர்ல (சளியில இருக்குற கிருமியை வளர்த்துப் பாக்குற டெஸ்ட்) உறுதி பண்ணாம இந்த மாத்திரையை எழுத நானே ஒத்துக்க மாட்டேன்.

என்சைமை நிறுத்துறதுல ஏன் இவ்வளவு கவனம்னா ஒரு பழைய பாடம் இருக்கு. எலும்பைக் கரைக்கிற செல்லு கேதெப்சின் கே-யை எலும்பு மேல விட்டுத்தான் கரைக்கும். எலும்பு தேயுற வயசான பொம்பளைங்களுக்கு அதை நிறுத்தினா நல்லதுன்னு ஒடானகேடிப்னு ஒரு மருந்தை 16,000 பேருக்கு மேல குடுத்துப் பாத்தாங்க, எலும்பு முறியுறது நிஜமாவே குறைஞ்சுது, ஆனா பக்கவாதம் கூடுச்சு, 2016ல மொத்தமா கைவிட்டுட்டாங்க. பேப்பர்ல எழுதிப் பாத்தா எல்லாம் சரியா இருந்த மருந்து அது. கொரோனா நேரத்துலயும் இதுதான் நடந்துச்சு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோம் அமிலத்தைக் குறைக்கும், அதனால கேதெப்சின் எல் வழியா உள்ள நுழையுற வைரஸ் நிக்கும்னு பாத்திரத்துல வளர்த்த குரங்கு கிட்னி செல்லுல காட்டினாங்க, நுரையீரல் செல்லுல வைரஸ் வேற கதவு வழியா போயிடுச்சு, மருந்து கேக்கல. அதே மருந்து லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) இருக்கவங்களுக்கு இன்னிக்கும் உயிர் காக்குற மருந்து, அதையும் சொல்லிடணும்.

கடைக்காரர் குடுத்த அட்டை பத்தி. நீங்க பேரு எழுதல, பெரும்பாலும் செராஷியோபெப்டிடேஸோ ட்ரிப்சின்-கைமோட்ரிப்சினோ இருக்கும். என்சைமும் ஒரு புரோட்டீன்தான், வாயில போட்டா பெரும்பகுதி வயித்துல மீனு முட்டை மாதிரி செரிச்சுப் போயிடும், அது ரத்தத்துல ஏறி லைசோசோமுக்குள்ள போயி உக்காரும்னு நினைக்காதீங்க. செராஷியோபெப்டிடேஸ் ஜப்பான்ல ரொம்ப காலம் வித்த மருந்து, திரும்பப் பரிசோதனை பண்ணப்போ வெறும் மாத்திரைக்கும் அதுக்கும் வித்தியாசம் காட்ட முடியாம 2011ல கம்பெனியே வாபஸ் வாங்கிடுச்சு. அந்தக் காசுக்கு அப்பாவுக்கு ரெண்டு முட்டை கூட வாங்கிக் குடுங்க, உடம்பு இளைச்சிருந்தா இந்த நோயில அது நிஜமாவே உதவும்.

இப்ப செய்ய வேண்டியது. உங்க ஊரு டிபி ஆபீஸ்ல போயி பழைய டிபி கார்டோட சளி குடுங்க. ஜீன் எக்ஸ்பர்ட் (சளியில டிபி கிருமியோட டிஎன்ஏ-வைத் தேடுற டெஸ்ட்) மட்டும் பாத்துட்டு முடிவுக்கு வந்துடக் கூடாது, ஏன்னா டிபி வந்து போனவங்களுக்கு செத்த கிருமியோட டிஎன்ஏ-வைக் கூட அது பாசிட்டிவ்னு காட்டலாம், கல்ச்சரும் வேணும்னு கேளுங்க, அது வர ஆறு வாரம் கூட ஆகலாம். அதோட சாதா கல்ச்சர் தனியா ஒண்ணு, சூடோமோனாஸ் மாதிரி கிருமி குடியிருக்கான்னு பாக்க, அது ரெண்டு மூணு நாள்ல வந்துடும். லீவோஃப்ளாக்சசின் ஏன் வேணாங்கறேன்னா, அது டிபி கிருமியையும் பாதி அடிக்கும், காய்ச்சல் இறங்கிடும், எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நினைப்பீங்க, டெஸ்ட்டுலயும் கிருமி சிக்காது, உள்ள மிஞ்சினது அந்த மருந்துக்கே பழகி நிக்கும், நாளைக்கு சாதா மருந்துக்கு அடங்காத முரட்டு டிபி வந்தா கையில இருக்க வேண்டிய மருந்தே அதுதான். அப்பா கடைசியா எந்தத் தேதியில அதைச் சாப்பிட்டாங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. வாரத்துக்கு மூணு நாள் அசித்ரோமைசின்னு ஒரு வைத்தியம் இருக்கு, அடிக்கடி முத்துறவங்களுக்கு நல்லா கேக்கும், அதையும் கல்ச்சர் பாத்துட்டு ஈசிஜி எடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும், நீங்களா வாங்காதீங்க.

சுழலை அறுக்குறதுக்குக் காசே இல்லாத வழி சளியை வெளிய எடுக்குறது, புது மாத்திரை வந்தாலும் வராட்டாலும் இது தினமும் நடக்கணும். காலையில சுடுதண்ணியோ டீயோ குடிச்சதும் அப்பாவை நாற்காலில நிமிர்ந்து உக்கார வையுங்க, தோளை இறக்கி வயிறு மட்டும் அசையுற மாதிரி மெதுவா கொஞ்ச நேரம் மூச்சு விடச் சொல்லுங்க. அப்புறம் மூக்கால ஆழமா இழுத்து, ரெண்டு மூணு செகண்ட் நிறுத்தி, பெருமூச்சு மாதிரி விடணும், மூணு நாலு தடவை. திரும்ப மெதுவான மூச்சு. அடுத்து வாயை வட்டமாத் திறந்து, மூக்குக் கண்ணாடிக்கு ஆவி ஊதுற மாதிரி "ஹா"ன்னு நீளமா ஊதணும், தொண்டை இறுகக் கூடாது, இருமக் கூடாது. ரெண்டு ஊது ஊதினா கீழ இருக்குற சளி மேல வரும், நெஞ்சுக்கு மேல கரகரன்னு வந்ததும் அப்ப ஒரே ஒரு இருமல், துப்பிடலாம். சும்மா லொக்கு லொக்குன்னு இருமி இருமி களைச்சுப் போறதை விட இது பத்து மடங்கு மேல். பத்து பதினஞ்சு நிமிஷம், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. எந்தப் பக்கம் கெட்டிருக்குன்னு சிடி ரிப்போர்ட்ல பாத்து, அந்தப் பக்கம் மேல இருக்க மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சும் செய்யலாம்.

கரண்ட் போறப்போ கரி அடுப்பை வீட்டுக்குள்ள வெக்காதீங்க, சுருட்டு பழக்கம் இருந்தா அப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லி நிறுத்தச் சொல்லுங்க. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் கிடைச்சா போட்டுடுங்க. சளியில ரத்தக் கீறல் வந்தா அடுத்த நாளே காட்டணும், கரண்டிக் கணக்குல ரத்தம் வந்தா அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்க, பழைய டிபி குழியில காளான் உருண்டை வளர்ந்தாலும் அப்படி வரும்.

பாப்பாவைப் பத்தி: பிராங்கியெக்டாசிஸ் தொத்துற நோய் இல்ல. டிபி திரும்பியிருந்தா மட்டும்தான் தொத்தும், அது கல்ச்சர்ல தெரியும், அதுவரைக்கும் அப்பா ஜன்னல் பக்கம் தனியா படுக்கட்டும், பாப்பாவைத் தூக்கும்போது மாஸ்க் போட்டுக்கட்டும். பாப்பாவுக்கு பிசிஜி போட்டாச்சான்னு கார்டுல பாருங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற மூளை டிபி மாதிரி கடுமையானதை அந்த ஊசி நல்லா தடுக்கும். ஒருவேளை அப்பாவுக்கு பாசிட்டிவ்னு வந்தா பாப்பாவையும் அதே டிபி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க, அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு நோய் இல்லாட்டியும் வராம இருக்குறதுக்கு மருந்து குடுப்பாங்க.